ஜான் அகஸ்டஸ்

ஜான் அகஸ்டஸ் (1785 - ஜூன் 21, 1859) ஐக்கிய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த காலணித் தொழிலாளர், சமூகத் தொண்டர். நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்ட ஏழைகளையும் குடிப்பழக்கத்திற்கு ஆட்பட்டவர்களையும் சிறுவர்களையும் தமது பொறுப்பில் பிணையில் எடுத்து, அவர்களுடைய நடத்தையைக் கண்காணித்து, நீதிபதிக்கு அறிக்கை அளித்தவர். இப்பணியின் காரணமாக இவர் நன்னடத்தைக் கண்காணிப்பு முறையின் தந்தை என அழைக்கப்படுகிறார். தண்டனை வழங்கும் முன் குற்றவாளியின் பின்னணியை ஆராய்ந்து நீதிமன்றத்திற்கு அறிக்கை தரும் வழக்கத்தின் முன்னோடியாகவும் இவர் கருதப்படுகிறார். இவர் சட்டம் பயின்றவர் அல்லர். எந்த அரசுப் பதவியும் வகித்தவர் அல்லர். இப்பணிக்காக ஊதியமும் பெற்றவர் அல்லர்.

இளமையும் தொழிலும்

அகஸ்டஸ் 1785-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் பகுதியில் பிறந்தார். இளமையில் லெக்சிங்டன் என்ற ஊருக்குச் சென்று காலணி செய்யும் தொழிலைக் கற்று, அங்கேயே சொந்தமாகத் தொழில் நடத்தினார். 1775-ஆம் ஆண்டில் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் மோதல் நிகழ்ந்த ஊர் இதுவே. 1820-களின் இறுதியில் அகஸ்டஸ் பாஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு இவர் நடத்திய காலணிக் கடை நகரின் காவல் நீதிமன்றத்திற்கு அருகில் அமைந்திருந்தது. பிற்காலத்தில் இவர் மேற்கொண்ட பணிக்கு இந்த அண்மை பெரிதும் உதவியது எனலாம்.

சமூகப் பின்னணி

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாஸ்டன் நகரில் வழக்கமாகக் குடிப்பவர் என்ற நிலையே ஒரு குற்றமாகக் கொள்ளப்பட்டது. இக்குற்றத்திற்காகப் பிடிபட்டவர்கள் காவல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சில நிமிடங்களில் விசாரிக்கப்பட்டனர். அபராதத்தையும் நீதிமன்றச் செலவையும் செலுத்த இயலாதவர்கள் திருத்த இல்லம் எனப்பட்ட சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஆகவே ஒரே குற்றத்திற்கு வசதி படைத்தவர் பணம் செலுத்தி வீடு திரும்பவும், ஏழை சிறை செல்லவும் நேர்ந்தது. குடும்பத் தலைவர் சிறைப்பட்டால் அவரை நம்பியிருந்தோர் உணவுக்கு வழியின்றித் தவித்தனர். சிறையிலிருந்து வெளிவந்தவருக்கு வேலை கிடைப்பதும் அரிதாயிற்று. அவர் மீண்டும் குடித்து மீண்டும் அதே நீதிமன்றத்திற்கு வந்தார்.

இதே காலத்தில் மதுவிலக்கு இயக்கம் அமெரிக்காவில் வலுப்பெற்று வந்தது. 1840-இல் பால்ட்டிமோர் நகரில் தோன்றிய வாஷிங்டன் மதுவிலக்கு இயக்கம், குடிப்பவர்களைக் கண்டிப்பதை விடுத்து அவர்களிடம் பரிவுடன் பேசி, குடியைக் கைவிடுவதாக உறுதிமொழி பெறும் வழியைப் பின்பற்றியது. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களே பிறரை மீட்க வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் தனித்தன்மையாகும். பாஸ்டனில் தொடங்கப்பட்ட இதன் கிளை அமைப்பில் அகஸ்டஸ் உறுப்பினரானார். குடிப்பவரைத் தண்டனையால் திருத்த இயலாது, அன்பாலும் அறிவுரையாலும் திருத்த இயலும் என்ற எண்ணம் இவருக்கு இவ்வமைப்பின் வழியாக உறுதிப்பட்டது.

முதல் பிணை

1841-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் காலை அகஸ்டஸ் காவல் நீதிமன்றத்தில் இருந்தார். கந்தல் உடையில் இருந்த ஒருவரைக் காவல் அலுவலர் அழைத்து வந்து கைதிகளுக்கான இருக்கையில் அமரச் செய்தார். வழக்கமாகக் குடிப்பவர் என்ற குற்றச்சாட்டு அவர் மீது படிக்கப்பட்டது, குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டது. தண்டனை அறிவிக்கப்படும் முன் அகஸ்டஸ் அவரிடம் சிறிது நேரம் பேசினார். சிறையிலிருந்து காப்பாற்றப்பட்டால் இனி மதுவைத் தொடப் போவதில்லை என அவர் உறுதி கூறினார். அவருடைய பேச்சில் உண்மை இருப்பதாக உணர்ந்த அகஸ்டஸ், நீதிபதியின் அனுமதியுடன் தாமே பிணை நின்றார். மூன்று வாரங்கள் கழித்துத் தண்டனைக்காக மீண்டும் வருமாறு அம்மனிதருக்கு ஆணையிடப்பட்டது.

அவர் மதுவிலக்கு உறுதிமொழியில் ஒப்பமிட்டார். மூன்று வாரங்களுக்குப் பின் அகஸ்டசுடன் நீதிமன்றம் வந்தபோது அவருடைய தோற்றம் அடையாளம் காண இயலாத அளவிற்கு மாறியிருந்தது. நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு சென்ட் மட்டும் அபராதம் விதித்தார். நீதிமன்றச் செலவுடன் சேர்த்து அத்தொகை 3 டாலர் 76 சென்ட் ஆனது. அது உடனே செலுத்தப்பட்டது. அபராதத்தை விடச் செலவுத் தொகை பன்மடங்கு மிகுதியாக இருந்தது என்பதிலிருந்து அக்கால ஏழைகளின் நிலையை உணரலாம். நன்னடத்தைக் கண்காணிப்பு முறையின் வரலாறு பெரும்பாலும் இந்த நிகழ்விலிருந்தே தொடங்கப்படுகிறது.

சட்ட அடிப்படை

அகஸ்டஸ் பணியைத் தொடங்கியபோது நன்னடத்தைக் கண்காணிப்பு குறித்து எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை. ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் ஏற்கனவே இருந்த சில வழிகளை நீதிபதிகள் பயன்படுத்தினர். நன்னடத்தைக்கு உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒருவரை விடுவிப்பது, தண்டனை அறிவிப்பை ஒத்தி வைப்பது, பிணையில் விடுவது ஆகியன அவ்வழிகளாகும். பாஸ்டன் நகர நீதிபதி பீட்டர் ஆக்சன்பிரிட்ஜ் தாச்சர் 1830-இலேயே குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணை உறுதிப் பத்திரத்தின் பேரில் விடுவித்திருந்தார். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நீதிபதி மேத்யூ டேவன்போர்ட் ஹில் என்பவரும் ஏறத்தாழ அகஸ்டசின் காலத்திலேயே இளங்குற்றவாளிகளைப் பொறுப்பானவர்களிடம் ஒப்படைத்து வந்தார்.

எனவே தண்டனையை ஒத்தி வைக்கும் எண்ணம் அகஸ்டசின் கண்டுபிடிப்பு அன்று. விடுவிக்கப்பட்டவரைத் தொடர்ந்து கண்காணித்தல், அவருக்கு வேலையும் தங்குமிடமும் தேடித் தருதல், குறித்த நாளில் நீதிமன்றத்திற்கு அறிக்கை அளித்தல், அனைத்தையும் பதிவேட்டில் குறித்து வைத்தல் ஆகியவற்றை ஒரே முறையாக இணைத்தது இவருடைய பங்களிப்பு ஆகும். சோதித்துப் பார்த்தல், மெய்ப்பித்தல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த புரொபேசன் என்ற சொல்லை இப்பொருளில் முதலில் வழங்கியவரும் இவரே என்று கூறப்படுகிறது.

ஆய்வும் அறிக்கையும்

அகஸ்டஸ் கண்ணில் பட்ட அனைவரையும் பிணையில் எடுக்கவில்லை. பெரும்பாலும் முதன்முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களையும், திருந்தும் வாய்ப்பு உள்ளவர்கள் எனத் தாம் கருதியவர்களையும் தேர்ந்தெடுத்தார். ஒருவரை ஏற்கும் முன் பின்வருவனவற்றை ஆராய்ந்தார்:

- அவருடைய முந்தைய நடத்தை
- அவருடைய வயது
- விடுவிக்கப்பட்டால் எத்தகைய சூழலில், எத்தகையவர்களின் தாக்கத்தில் அவர் வாழ நேரிடும் என்பது

பிணையில் எடுத்த பின் சிறுவராயின் பள்ளிக்கு அனுப்பவும், பெரியவராயின் முறையான வேலையில் அமர்த்தவும், வீடற்றவராயின் தங்குமிடம் அமைக்கவும் பொறுப்பேற்றார். தங்க இடம் கிடைக்காத பலர் அகஸ்டசின் வீட்டிலேயே தங்க வைக்கப்பட்டனர். நீதிமன்றம் கேட்கும்போது அவர்களுடைய நடத்தை குறித்து நடுநிலையான அறிக்கை அளிப்பதாக இவர் ஒப்புக்கொண்டார். ஒவ்வொருவரைப் பற்றியும் பதிவேடு ஒன்றையும் கவனமாகப் பேணினார்.

தண்டனைக்கு முந்தைய அறிக்கை, கண்காணிப்பின் நிபந்தனைகள், நன்னடத்தை அலுவலரின் வழக்குப் பதிவேடு ஆகிய மூன்றின் தொடக்கத்தையும் இம்முறையில் காணலாம். நீதிபதி வழக்கில் மெய்ப்பிக்கப்பட்ட செயலை மட்டுமே அறிவார். அச்செயலைச் செய்தவரின் வாழ்க்கையை அறிய மாட்டார். அந்த இடைவெளியை நிரப்பும் தகவலை நீதிமன்றத்திற்கு வெளியே சென்று திரட்டி வருவதே அகஸ்டசின் பணியாக அமைந்தது. அவருடைய சொல்லை நீதிபதி நம்புவதற்கு ஒரு காரணமும் இருந்தது. அகஸ்டஸ் பிணைப் பத்திரத்தில் ஒப்பமிட்டவர் ஆதலால், அவருடைய கணிப்பு தவறினால் இழப்பு அவரையே சேர்ந்தது.

பணியின் விரிவு

தொடக்கத்தில் குடிப்பழக்க வழக்குகளில் ஆண்களுக்கு மட்டுமே உதவிய அகஸ்டஸ், விரைவில் பெண்களுக்கும் பிணை நின்றார். 1843-இல் காவல் நீதிமன்றத்துடன் நகர நீதிமன்றத்திற்கும் பணியை விரிவாக்கினார். சிறு திருட்டு உள்ளிட்ட பிற குற்றங்களுக்கு ஆளானவர்களும், பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட இளம்பெண்களும், சிறுவர் சிறுமியரும் இவருடைய பொறுப்பில் வந்தனர்.

1847-ஆம் ஆண்டில் 7 முதல் 15 வயது வரையிலான 19 சிறுவர்களை இவர் பிணையில் எடுத்தார். இவ்வகை வழக்குகள் உடனே முடிக்கப்படாமல் மாதந்தோறும் ஒத்தி வைக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் அகஸ்டஸ் நீதிமன்றத்திற்கு வந்து சிறுவர்களின் நிலை குறித்து அறிக்கை அளித்தார். ஐந்து அல்லது ஆறு மாதங்கள் கழித்து 12 சிறுவர்கள் ஒரே நேரத்தில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, அவர்களிடம் காணப்பட்ட மாற்றத்தைக் கண்ட நீதிபதி மகிழ்ச்சி தெரிவித்து, சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டதாகக் கருதினார். ஒவ்வொருவருக்கும் 10 சென்ட் மட்டுமே அபராதம் விதிக்கப்பட்டது. அதையும் செலுத்த இயலாத நிலையில் 7 சிறுவர்கள் இருந்தனர். அவர்களுக்கான தொகையை அகஸ்டசே செலுத்தினார்.

எதிர்ப்பும் பொருள் இழப்பும்

அகஸ்டசின் பணிக்கு நீதிமன்ற வட்டாரத்திலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. அக்காலத்தில் காவல் அலுவலர்கள், எழுத்தர்கள், சிறைக் காவலர்கள் ஆகியோர் சிறைக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் கட்டணம் பெற்று வந்தனர். அகஸ்டஸ் ஒருவரைப் பிணையில் எடுத்தால் அவர்களுக்கு அக்கட்டணம் கிடைக்காமல் போயிற்று. எனவே இவருக்குத் தகவல் தர மறுத்தும், இவரது பணிக்கு இடையூறு விளைவித்தும் அவர்கள் எதிர்ப்பைக் காட்டினர். குற்றவாளிகளிடம் காட்டப்படும் பரிவு குற்றங்களைப் பெருக்கும் எனச் சிலர் குறை கூறினர். ஏழைகளுக்குப் பிணை நின்று இவர் பொருள் ஈட்டுகிறார் என்ற பழியும் சுமத்தப்பட்டது.

உண்மையில் இப்பணி அகஸ்டசின் தொழிலை அழித்தது. பகல் முழுவதும் நீதிமன்றத்தில் கழிந்ததால் காலணிக் கடையின் வேலையை இரவில் செய்ய வேண்டியதாயிற்று. முதல் இரண்டு ஆண்டுகளில் தம் உழைப்பால் ஈட்டிய பணத்தையே செலவிட்டார். 1843 முதல் பிறர் நன்கொடை அளிக்கத் தொடங்கினர். அதன் பின்னர் கடையைக் கைவிட்டு முழுநேரமும் இப்பணியில் ஈடுபட்டார். கல்விச் சீர்திருத்தவாதி ஹொரேஸ் மான், சமய போதகர் தியோடர் பார்க்கர், அடிமை ஒழிப்பு இயக்கத் தலைவர் வெண்டல் பிலிப்ஸ் ஆகியோர் இவரை ஆதரித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். எனினும் இவர் எந்தச் சங்கத்தின் முகவராகவும் செயல்பட இசையவில்லை. தனி மனிதராகவே பணியாற்றினார்.

நூல்

1852-இல் தமது பத்தாண்டுப் பணியைப் பற்றிய அறிக்கை ஒன்றை அகஸ்டஸ் நூலாக வெளியிட்டார். தாம் ஏற்ற வழக்குகள், தாம் சந்தித்த எதிர்ப்புகள், வரவு செலவு ஆகியவற்றை அதில் விளக்கியுள்ளார். தொடக்ககால நன்னடத்தைக் கண்காணிப்பு பற்றி அறிய இந்நூலே முதன்மையான சான்றாக உள்ளது.

மறைவு

அகஸ்டஸ் 1859-ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று பாஸ்டனில் காலமானார். 1858 வரை இவர் 1,946 பேருக்குப் பிணை நின்றார். அவர்களுள் 1,152 பேர் ஆண்கள். 794 பேர் பெண்கள். பிணையை மீறித் தலைமறைவானவர்கள் 10 பேர் மட்டுமே எனக் கூறப்படுகிறது. இவரது மறைவுக்குப் பின் சிறைப் போதகர் ரூபஸ் குக் முதலியோர் தன்னார்வ அடிப்படையில் இப்பணியைத் தொடர்ந்தனர்.

சட்டமாக உருப்பெற்றமை

மாசசூசெட்ஸ் மாநிலம் 1869-இல் இயற்றிய சட்டம், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களின் வழக்குகளை ஆராயவும் விசாரணையின்போது உடனிருக்கவும் மாநில முகவர் ஒருவரை நியமிக்க வழிசெய்தது. 1878-இல் அம்மாநிலமே உலகின் முதல் நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி ஊதியம் பெறும் நன்னடத்தை அலுவலர் ஒருவரை நியமிக்கும் அதிகாரம் பாஸ்டன் நகரத் தலைவருக்கு வழங்கப்பட்டது. நீதிமன்றத்தில் உடனிருத்தல், வழக்குகளை ஆராய்தல், தண்டனையின்றியே திருந்தக் கூடியவர்களைப் பரிந்துரைத்தல் ஆகியன அவரது கடமைகளாகும். அகஸ்டஸ் தாமாகச் செய்த பணிகள் இவ்வாறு ஓர் அலுவலரின் கடமைகளாயின. நகரக் காவல்துறையின் முன்னாள் தலைவர் எட்வர்ட் சாவேஜ் முதல் அலுவலராக அமர்ந்தார். 1880-இல் பிற நகரங்களும் அலுவலர்களை நியமிக்க அனுமதிக்கப்பட்டன. 1891-இல் நியமனம் கட்டாயமாக்கப்பட்டதுடன் அந்த அதிகாரம் நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டது.

இங்கிலாந்தில் 1876 முதல் மதுவிலக்குச் சங்கத்தின் தொண்டர்கள் காவல் நீதிமன்றங்களில் இதையொத்த பணியைச் செய்தனர். அங்கு 1907-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு நீதிமன்றங்களுக்கான சட்டம் 1925-இல் வந்தது.

அறிக்கையின் பிற்கால வரலாறு

அகஸ்டஸ் வாய்மொழியாக அளித்த தகவல், 20-ஆம் நூற்றாண்டில் எழுத்து வடிவிலான விரிவான ஆவணமாக வளர்ந்தது. குடும்பம், கல்வி, வேலை, உடல் நலம், மனநலம், போதைப் பழக்கம், முந்தைய தண்டனைகள், பாதிக்கப்பட்டவர் அடைந்த இழப்பு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன.

அறிக்கையின் செல்வாக்கு வளர்ந்தபோது புதிய சிக்கலும் எழுந்தது. அறிக்கையில் உள்ள செய்தி தவறாயின் அதைக் குற்றவாளி மறுப்பது எவ்வாறு என்பதே அச்சிக்கல். 1949-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வில்லியம்ஸ் வழக்கில், நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உட்படாத அறிக்கைத் தகவல்களையும் நீதிபதி கருத்தில் கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் நடுவர் குழு ஆயுள் தண்டனையைப் பரிந்துரைத்திருந்தும் நீதிபதி மரண தண்டனை விதித்திருந்தார். 1977-இல் கார்ட்னர் வழக்கில் இதற்கு ஒரு வரம்பு இடப்பட்டது. குற்றவாளித் தரப்பிற்குக் காட்டப்படாத இரகசியத் தகவலின் அடிப்படையில் மரண தண்டனை விதித்தல் முறையன்று என அதே நீதிமன்றம் கூறியது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

சென்னை மாகாணத்தில் 1936-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இம்முறையை அறிமுகப்படுத்தியது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1958-இல் இயற்றப்பட்டது. நன்னடத்தையின் பேரில் ஒருவரை விடுவிக்கும் முன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கை இருப்பின் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என இச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகிறது. 21 வயதுக்கு உட்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்புவதை 6-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அவர்கள் தொடர்பாக அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறவும் பணிக்கிறது. 7-ஆம் பிரிவின்படி அறிக்கை இரகசியமானது. எனினும் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குத் தெரிவித்து, அதற்கு மறுப்பாகச் சான்று அளிக்க நீதிமன்றம் வாய்ப்புத் தரலாம். மரண தண்டனை வழக்குகளிலும் இத்தகைய தகவல்களை முன்னதாகவே திரட்ட வேண்டும் என்பதை இந்திய உச்சநீதிமன்றம் 2022-இல் வலியுறுத்தியது.

இலங்கையில் 1944-ஆம் ஆண்டின் 42-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்முறைக்கு அடிப்படையாக அமைந்தது.

மதிப்பீடு

அகஸ்டசின் வெற்றியைக் காட்டும் எண்ணிக்கைகள் அவரே பேணிய பதிவுகளிலிருந்து பெறப்பட்டவை. மேலும் அவர் திருந்தக் கூடியவர்களையே தேர்ந்தெடுத்தார் என்பதால், அதே அளவு வெற்றியை எல்லா வகைக் குற்றவாளிகளிடமும் எதிர்பார்க்க இயலாது. எவர் திருந்தக் கூடியவர், எவர் அல்லர் என்பதை ஒரு தனி மனிதர் தீர்மானிப்பது எந்த அளவிற்கு நேர்மையானது என்ற கேள்வியும் அன்று முதல் தொடர்ந்து வருகிறது. இன்றைய நன்னடத்தை அலுவலர் எழுதும் ஒவ்வோர் அறிக்கைக்கும் இக்கேள்வி பொருந்தும்.

அகஸ்டசுக்கும் பிற்கால அலுவலருக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அலுவலர் நீதிமன்றத்தின் ஊழியர். தாம் பரிந்துரைத்தவர் தவறினால் அவருக்குப் பண இழப்பு நேர்வதில்லை. அகஸ்டஸ் பரிந்துரைத்தவருக்காகத் தம் பணத்தையும் வீட்டையும் தொழிலையும் ஈடாக வைத்தார். வழக்குகள் பெருகியபோது இப்பணியைத் தனி மனிதரின் கொடையாகத் தொடர இயலவில்லை. அது அரசின் கடமையாக மாறியதற்கு அவருடைய 18 ஆண்டு உழைப்பே வழிவகுத்தது எனலாம்.